முல்லைத் திணையில் ஒரு வெற்றுக் கேன்வாஸ்: கிள்ளான் பள்ளத்தாக்கு ஓவிய மாணவரின் ஊக்கம் குறித்து ஓர் ஆய்வு

ஓவியக் கல்லூரி மாணவருக்கு வேலை செய்யும் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஊக்கம் வந்து சேர்ந்துவிட்டவரையே ஆராய்ந்திருக்கிறார்கள். அது வரும் வரும் என்று உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். காரணம் வெளிப்படை. அவரைப் பேட்டி காணப் போனால், பேட்டியையே சாக்காக வைத்து அன்றைக்கும் தூரிகையைத் தொட மாட்டார். ஆய்வாளரும் கூட உட்கார்ந்து தே தாரிக் குடிக்க வேண்டியதாகிவிடும். இக்கட்டுரையின் தரவுகள் பெரும்பாலும் அவ்வழியில் திரட்டப்பட்டவை.

களமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரில் தேசிய ஓவியக் கூடம் தோன்றியது 1958-இல். 1967 ஒரே ஆண்டில் மலேசியக் கலைக் கழகமும், இன்று ஷா ஆலாமில் யூஐடிஎம் என்று நிற்கும் மாரா கல்லூரியின் கலைத் துறையும் பிறந்தன. ஆக, 'நாளைக்குச் செஞ்சிக்கலாம் லா' என்ற கோட்பாட்டுக்கு இம்மண்ணில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கல்விப் பின்புலம் இருக்கிறது.

முன்னோர் ஆய்வுகளில் கிரகாம் வாலஸை விட முடியாது. படைப்புச் சிந்தனை நான்கு படிகளில் நடக்கிறது என்று 1926-இல் எழுதியவர் அவர். முதலில் ஆயத்தம், அடுத்தது அடைகாத்தல், பிறகு ஒளி பிறத்தல், கடைசியில் சரிபார்த்தல். இரண்டாம் படிக்காக உலக ஓவிய மாணவர்கள் அவருக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். மத்தியானம் வரை படுத்திருப்பதற்கு 'அடைகாத்தல்' என்பதைவிடக் கௌரவமான பெயரை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இக்கோட்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. தனக்கு அடியில் முட்டை இருப்பது கோழிக்குத் தெரியும். மாணவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆகவே வாலஸை வணங்கி ஒதுக்கிவிட்டு நம் இலக்கணிகளிடம் வருவோம். அகத்தின் நிலைகளை ஐந்து திணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் கருப்பொருளும் குறித்தவர்கள் அவர்கள். காதலுக்குப் பொருந்தியது ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இரண்டிலும் தூக்கம் கெடுகிறது, வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பொழுதில் மட்டும் ஒரு சிக்கல். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பருவம் பிரிக்க இங்கே வழியில்லை. ஆண்டு முழுவதும் சாயங்காலம் நான்கு மணிவாக்கில் இடியோடு மழை. இப்பகுதி மாணவருக்குப் பெரும்பொழுது இரண்டே: செமஸ்டர், செமஸ்டர் விடுமுறை.

குறிஞ்சியில் தொடங்குவதே மரபு. உரிப்பொருள் புணர்தல், அதாவது மாணவரும் கருத்தும் முதன்முதலாகக் கூடுவது. சிறுபொழுது யாமம். இலக்கணிகள் இதை எப்படி அவ்வளவு சரியாகக் கணித்தார்கள் என்பது வியப்பு. இன்றும் கருத்து இரவு ஒரு மணிக்கு, மாமாக் கடை மேசையில்தான் பிறக்கிறது. அந்த நேரத்தில் எல்லாக் கருத்தும் பேரழகாகத் தெரியும். நம் பிள்ளைகளிடம் பிறக்கும் கருத்துக்கு ஒரு குடும்பச் சாயலும் உண்டு: தோட்டத்துப் பாட்டி, ரப்பர் பால் கோப்பை, பழைய சேலை, நிறம் போன அடையாள அட்டைப் படம். தலைப்பில் 'நினைவு' என்ற சொல் வரும். அந்தப் பாட்டி பெரும்பாலும் கிள்ளானில் ஒரு தாமான் வீட்டில் நலமாக உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். தாம் ஒரு நினைவாக மாற்றப்பட்ட செய்தி அவருக்கு எட்டியிருக்காது.

மருதத்தை விரைவாகக் கடந்துவிடலாம். உரிப்பொருள் ஊடல், தலைவனின் இடத்தில் லெக்சரர். மாணவர் மூன்று வாரம் சுமந்த கருத்தைக் கேட்டுவிட்டு அவர் 'இன்ட்ரஸ்டிங்' என்று சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். ஊடலுக்கு அது போதும்.

இனி முல்லை. இதில்தான் நெடுநேரம் தங்க வேண்டும், ஏனெனில் மாணவரும் இதில்தான் நெடுநேரம் தங்குகிறார். உரிப்பொருள் இருத்தல். போன தலைவன் வருவான் என்று தலைவி ஆற்றியிருப்பது மரபு. ஊக்கம் வரும் என்று மாணவர் ஆற்றியிருப்பது புதுமை. கருப்பொருள்களை முறைப்படி காண்போம். தெய்வம், வைஃபை. உணா, மேகி கோரெங். யாழ், காதில் செருகிய இயர்ஃபோன். பறை, பக்கத்து வீட்டு டிரில்லிங். புள் காகம், இதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. காப்பித் தோட்டங்களில் புழு அழிக்கவென்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவை அவை. காப்பி போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. காகங்கள் மாத்திரம் வந்த வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல், சன்னலுக்கு வெளியே மின்கம்பியில் உட்கார்ந்து மாணவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரு தரப்புக்கும் இடையே ஒரு புரிதல் இருப்பதாகத் தோன்றுகிறது.

இத்திணையின் மூலச்சான்று 1974-இல் கிடைக்கிறது. ரெட்சா பியாதாசா, சுலைமான் ஏசா என்ற இருவரும் மாரா கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர்கள். அவ்வாண்டு கோலாலம்பூர் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் 'டுவார்ட்ஸ் எ மிஸ்டிகல் ரியாலிட்டி' என்ற கண்காட்சியை வைத்தார்கள். பார்க்கப் போனவர்கள் கண்டது: பாதி குடித்த இரண்டு கோக்கோகோலா பாட்டில்கள், பலர் உட்கார்ந்து எழுந்துபோன ஒரு காலி நாற்காலி, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முடிதிருத்தகத்தில் பொறுக்கிய தலைமுடி, மார்ச் 25 இரவு எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள், ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2:46-க்குப் பறவையைத் திறந்துவிட்டபின் மிஞ்சிய வெறுங்கூண்டு. கிள்ளானுக்கும் அதில் உரிய பங்கு கிடைத்தது. ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4:23-க்குக் கிள்ளான் குப்பைமேட்டில் கண்டெடுத்த, யாரோ எறிந்துவிட்டுப்போன மழைக்கோட்டு. எல்லாவற்றுக்கும் சிகரமாக, எத்தனையோ நிழல்கள் விழுந்துபோன ஒரு வெற்றுக் கேன்வாஸ்.

இந்தச் சான்று கையில் கிடைத்த மாணவர் துள்ளிக் குதிப்பது இயல்பே. அவர் அறையிலும் அதே பொருள்கள்தாம் கிடக்கின்றன: பாதி குடித்த பாட்டில், காலி நாற்காலி, சுருண்டு சாம்பலான கொசுவர்த்தி. கேன்வாஸில் நிழல் விழுந்து விழுந்து தேய்ந்தே போய்விட்டது. நாட்டின் கலை வரலாற்றில் இடம்பெற எஞ்சியிருப்பது சட்டம் போடுவது மட்டும் என்று அவர் முடிவு கட்டுகிறார்.

இங்கேதான் ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மணி 4:23 என்று யார் குறித்தது? மழைக்கோட்டு தானாகக் குறித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊர் பசியாறிக் கால் நீட்டியிருக்கும் வேளையில், ஒரு மனிதர் குப்பைமேட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அக்கண்காட்சியில் ஒரு பூந்தொட்டியும் இருந்தது. ஏழு மாதம் இரு ஓவியர்களும் நீரூற்றிப் பராமரித்த செடி. ஏழு மாதம்! நம் ஆய்வுக்குட்பட்ட மாணவர்களின் மேசையில் இருக்கும் கற்றாழைகூட, தண்ணீரே வேண்டாம் என்று பிறந்த செடி, இரண்டாம் மாதத்தில் உயிரை விட்டிருக்கிறது. 'ஒன்றும் செய்யாமை'யைக் காட்சிக்கு வைத்த அவ்விருவரும் வேலை செய்யாமல் இருந்த நாள் எது என்று தேடினால் அகப்படவில்லை. போதாக்குறைக்கு ஒரு நீண்ட கொள்கை அறிக்கையும் எழுதி அச்சிட்டார்கள். தொடக்க விழாவில் கவிஞர் சாலே பென் ஜோனட் அந்த அறிக்கையின் பிரதி மீது சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைப் பதிவு செய்தார். லெக்சரர் முகம் சுளித்தார் என்பதற்காக ஒரு வாரம் வகுப்புக்கு வராதவர்கள் இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

அதற்கு முந்திய ஆண்டு, 1973-இல், நிர்மலா தத் சண்முகலிங்கம் வேறொரு வழியில் போனார். டாமன்சாராவில் கட்டுமானங்கள் நிலத்தைக் குதறிப் போட்டதைப் படமெடுத்து, அதையே படைப்பாக்கித் தேசிய ஓவியக் கூடத்தில் வைத்துப் பரிசும் பெற்றார். அவருக்கு எரிபொருள் கோபம். கோபம் ஊக்கத்தைவிட மலிவு, எளிதில் தீர்வதும் இல்லை. இன்றைய மாணவரிடமும் கோபம் நிறைய உண்டு; ஆனால் அதை இன்ஸ்டாகிராமில் செலவழித்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்கு வருகிறார்.

முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை ஆகும் என்பது இளங்கோவின் கணக்கு. நண்பகலில், கருத்து சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்து போய்விடுகிறது. பிரிவாற்றாத மாணவர் கடைக்குப் போகிறார். புது ஸ்கெட்ச்புக், இன்னொரு ஜெஸ்ஸோ டப்பா, ஏற்கெனவே மூன்று இருக்கும் அதே எண் தூரிகை. பொருள் வாங்குவதை மூளை வேலை செய்ததாகவே கணக்கில் எழுதிக்கொள்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடை ஒன்றில் பாட்டி காலத்துச் சேலை மாதிரியே ஒன்றைப் புதிதாக வாங்கித் தேநீர்ச் சாயத்தில் முக்கிப் பழசாக்குவதும் இந்நிலத்துச் செய்திதான்.

புளூமா சைகார்னிக்கை இங்கே அழைக்க வேண்டும். முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் நிற்கிறது என்று 1927-இல் நிறுவிய உளவியலாளர். காசு கொடுக்காத மேசையின் கணக்கைப் பெர்லின் பரிசாரகர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருந்ததுதான் அந்த ஆய்வுக்கு வித்து என்பார்கள். பெர்லின் வரை போக வேண்டியதில்லை. 'பாஸ், கீரா!' என்று குரல் கொடுத்ததும் மாமாக் கடை அண்ணன் வந்து, மூன்று மணி நேரம் முன்பு குடித்த தே ஓ ஐஸ் லீமாவ் உட்பட ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார். காசு கை மாறியதும் அவருக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. மாணவரின் கொடுமை என்னவென்றால், அவர் மேசைக்கு யாரும் கீரா போடுவதில்லை. சினிமா பார்க்கும்போதும், அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதும் அந்த முடியாத கேன்வாஸ் கூடவே நிற்கிறது.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு, நிலம் கடலும் கடல் சார்ந்ததும். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளான் துறைமுகத் திசையில் வீடு திரும்பும் மாணவிக்கு இம்மூன்றும் ஒருசேர வாய்க்கின்றன. சுபாங் ஜெயா தாண்டும்போது வெயில் சாய்கிறது. தேதியை எண்ணிப் பார்த்துக் கண் கலங்குகிறது. இனி நடப்பதைப் பார்க்கின்சன் விதி விளக்கும்: கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை வீங்கும். 1955-இல் எகனாமிஸ்ட் இதழில் அவர் இதை எழுதியபோது, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அவர் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகத்தைச் சான்று காட்டினார் என்பது உண்மையே. இருந்தாலும், மலாயா மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த மனிதருக்கு இவ்விதி தோன்றியதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று உரிமை கோருவதில் தவறில்லை. மாணவர்கள் விதியின் மறுபாதியையும் மெய்ப்பித்திருக்கிறார்கள். நான்கு மாதத்தில் அடங்காத வேலை, கடைசி நான்கு இரவில் அடங்கிவிடுகிறது.

எதிர்ச்சான்றுகளை மறைப்பது ஆய்வு அறமாகாது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பூமாலை கட்டுகிறவர்கள் உட்கார்ந்த இடத்தில் நாளெல்லாம் கட்டுகிறார்கள். மல்லிகைக்குச் செமஸ்டர் கிடையாது. சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் வாடிவிடும். நிறம், தாளம், அடர்த்தி எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. ஊக்கம் வந்ததா என்று கேட்டால், எந்த வாடிக்கையாளர், எப்போது சொல்லிவிட்டுப் போனார் என்று திருப்பிக் கேட்கிறார்கள். மேற்படி பாட்டியும் நம் வகைப்பாட்டுக்குள் அடங்கவில்லை. விடிந்ததும் வாசலில் கோலம் போடுகிறார். மழை அதை அழித்துவிடுகிறது. மறுநாள் வேறொன்று போடுகிறார். இடையில் அடைகாத்ததற்கோ பாலையைக் கடந்ததற்கோ தடயம் இல்லை. பேத்தி ஆய்வேட்டில் இதைக் 'கூட்டு நினைவின் சடங்குசார் மீளெழுதல்' என்று குறிப்பிட்டிருக்கிறாள். எழுதிய நாளன்று அவள் எழுந்தது பதினொரு மணிக்கு. கோலம் மிதிபட்டு முடிந்திருந்தது.

இறுதி மதிப்பீட்டில் நிகழ்ந்ததைப் பதிவு செய்வது மட்டுமே பாக்கி. சேலையை ஒட்டிய கேன்வாஸ் ஏன் இவ்வளவு ஒடுக்கமாக, உயரமாக இருக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார். ரயில் கதவில் நுழைய வேண்டும் என்பது உண்மையான காரணம். நினைவின் குறுகலான பாதையை உணர்த்துவதற்கு என்று மாணவி சொன்னாள். குழுவினர் குறித்துக்கொண்டார்கள். கண்காட்சிக்குப் பாட்டியையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் படைப்பின் முன் நின்று, சேலை முந்தானையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இது யாரு சேலை? நான் கட்டுனதே இல்லியே" என்றார். பிறகு பக்கத்திலிருந்த விளக்க அட்டையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னார்கள். "இதுக்கா நாலு மாசமா சோத்துக்குக் கூப்பிட்டா வரல?" என்றார். மதிப்பீட்டுப் படிவத்தில் இக்கருத்துக்கென இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.