சகடச் சுமையியல்: வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை ஒரு பூர்வாங்க ஆய்வு

காரில் ஏற்றும் பாரத்தைக் குறைத்தால் பெற்றோல் மிஞ்சும் என்று முதலில் கண்டவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்றது என்னையும் மேல்வீட்டு அங்கிளையும். வள்ளுவரே என்பது என் துணிபு. மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அவர் அச்சைத்தானே சொன்னார், பெற்றோலைச் சொல்லவில்லையே என்று அங்கிள் தடை எழுப்பினார். சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வதற்குத்தானே ஐயா பட்டம் கொடுக்கிறார்கள் என்று விடை இறுத்தேன் (மொட்டைமாடி உரையாடல், மின்வெட்டு நேரம்). பாரி இதிலும் ஒரு படி மேல். தேரையே முல்லைக்கு விட்டுவிட்டான். சுமைக் குறைப்புக்கு அதற்கப்பால் எல்லை இல்லை.

ஆய்வுக் களம் 2022. யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் ஷெட்டில் இல்லை. யூலையில் கியூஆர் பங்கீடு வந்தது. கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. காலி வீதி ஓரம் எஞ்சினை நிறுத்திவிட்டு, வரிசை நகர நகரக் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். அந்த ஓட்டத்துக்கு எரிபொருள் ஒரு பிளேன்ரீயும் ஒரு பனிசும். பின்னால் கைகொடுத்த பொடியன் கேட்டான்:

“டிக்கிக்குள்ள என்ன அண்ணை வச்சிருக்கிறியள், அம்மிக்கல்லோ?”

“புத்தகம், தம்பி.”

அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டு முன்னுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தான்.

அன்றிரவே நூற்பா பிறந்தது: ‘ஏற்றிய தெல்லாம் எரிப்பது மெய்யே.’ யாம் யாத்தது. ‘எல்லாம்’ என்றதனான் மாமியும் அடங்கும் என்க.

சொல் நான்கு வகை என்றார் தொல்காப்பியர். ஆதலால் சுமையும் நான்கு.

இயற்சுமை என்பது கார்தான், விற்றால் குறையும்.

தெய்வச்சுமையாவது டாஷ்போர்டுப் பிள்ளையாரும் கொச்சிக்கடை அந்தோனியாரும். இரண்டும் ஒரே காரில் இருப்பது கொழும்பு வழக்கு. நிறை நூறு கிராம் தேறாது. குறைக்கத் துணிந்தாரும் இலர்.

உறவுச்சுமை யாழ்ப்பாணத்திலிருந்து வருவது. ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், கறுத்தக்கொழும்பான். “இது ஒரு சின்னப் பைதானே தம்பி, கால்மாட்டில கிடக்கட்டும்” என்பது இதன் இலக்கணம் (மாமி, வாசற்படிப் பேருரை, கார்க் கதவு சாத்துமுன் மூன்றாம் தடவை). இங்கே ‘சின்ன’ என்பது பொருளற்ற அசைநிலை.

நான்காவது ஆய்வுச்சுமை. முன்னோர் ஒருவரும் தொடாததால் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

நண்பர் ஒருவர் ஓர் இடைச்சொல்லைப் பற்றி 280 பக்கத்தில் ஆய்வு நூல் எழுதினார். வெளியீட்டு விழா வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் நடந்தது. விழா முடிந்ததும் “இண்டைக்கு மட்டும் உங்கட டிக்கிக்குள்ள கிடக்கட்டும்” என்றார். அந்த இன்றைக்கு இன்னும் முடியவில்லை. 110 படிகள். ஒன்றை வெள்ளவத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய் நிறுத்தேன்: 410 கிராம் (மரக்கறிக்காரர், தராசின் இடத்தட்டு, கத்தரிக்காய்க்கும் லீக்ஸுக்கும் நடுவே இடைச்செருகலாக, பாடபேதம்: “ஐயா, எடுக்கிறதெண்டா எடுங்கோ, ஆக்கள் நிக்கினம்”). பெருக்கினால் 45 கிலோ 100 கிராம்.

இது தற்செயலன்று. 100 இறாத்தல், அதாவது 45 கிலோ பாரம் கூடினால் லீற்றருக்கு ஓடும் தூரம் நூற்றுக்கு ஒன்றளவு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. கார் சிறிதானால் இன்னும் கூட. என்னுடையது பழைய மாருதி. போதாக்குறைக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பஸ் நின்று நின்று ஓட வேண்டும். புறப்படும்போது பாரத்தை உந்தச் செலவழித்ததையெல்லாம் அடுத்த பிரேக் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஆக, அந்த ஓர் இடைச்சொல் கிழமைக்கு 200 மில்லிலீற்றர் குடித்தது. லீற்றர் 450க்கு இறங்கிய பிறகும் 90 ரூபாய்.

நூலின் உள்ளமைப்பையும் ஆராய்ந்தேன். 64 பக்கம் வாழ்த்துரை, ஆசியுரை, அணிந்துரை. அணிந்துரை எழுதியவர்களை உள்ளே மேற்கோள் காட்டியிருந்தார். மேற்கோளில் வந்தவர்கள் அணிந்துரை எழுதியிருந்தார்கள். இப்படி ஒருவரையொருவர் தாங்கி நிற்பதால் நூல் தரையில் படாமலே நிற்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தால் படிக்கு 90 கிராம். மொத்தம் பத்துக் கிலோ. ஸ்பெயார் சில்லும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை இறக்க வேண்டும். நண்பர் எந்த நேரமும் காரில் ஏறி “புத்தகங்கள் போகுதோ?” என்று கேட்கக்கூடியவர். சில்லு ஒன்றும் கேட்காது. சில்லை இறக்கி வீட்டில் வைத்தேன்.

மூன்றாம் கிழமை கொட்டாஞ்சேனையில், விவேகானந்த மேட்டில், முன் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது. சில்லைக் கொண்டுவர ஓர் ஆட்டோவில் வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பினேன்; போக வர ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பத்துக் கிலோ இறக்கிக் கிழமைக்கு 45 மில்லிலீற்றர் மிச்சம் பிடித்தவன், ஆட்டோக்காரரின் ஐந்து லீற்றரில் ஒன்றைக் குடித்தேன் (முறைப்பாடு: ஆட்டோக்காரர், தெமட்டகொடை வரை சிங்களத்தில், அதற்கப்பால் தமிழில், ஆமர் வீதிச் சிக்னலில் இரண்டும் கலந்து).

மேடு சரிவு. ஜக் போட்டால் கார் உருளும். கல் தேடினோம், கிடைக்கவில்லை. டிக்கியைத் திறந்து இரண்டு படிகளை எடுத்துப் பின்சில்லுகளுக்கு அண்டை கொடுத்தேன். கார் அசையவில்லை.

சில்லு மாட்டி முடிந்ததும் ஆட்டோக்காரர் ஒரு படியை எடுத்துத் தூசி தட்டினார். நடுவில் விரித்து அரைப் பக்கம் பார்த்தார். மூடினார்.

“இதில ஒண்டு எனக்குத் தாங்கோவன் ஐயா.”

“வாசிக்கவோ?”

“இல்லை, எனக்கும் ஹான்ட்பிரேக் பிடிக்கிறதில்லை.”

டிக்கியில் இப்போது 109.