மொத்த விலை மகாத்மியம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ‘டிஸ்ட்ரிபியூட்டர் விலை’ என்னும் மந்திரத்தை உச்சரித்தால் பதார்த்தம் பாதி விலைக்குக் கிடைக்குமென்று சிநேகிதர் ஒருவர் சத்தியம் செய்தபடியால், ஒரேயொரு கணினி பிராசஸர் வாங்கும் உத்தேசத்துடன், மொத்த வியாபாரிக்குரிய கம்பீரத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு ஒரு கடையின் மாடிப்படி ஏறினேன்.

“எத்தனை பீஸ் சார்?”

“ஒன்று.”

“ஜிஎஸ்டி நம்பர்?”

மௌனம் சாதித்தேன். கடைக்காரர் சொன்ன விலையின்மேல் ஏறும் 18 சதவிகித வரியை, அந்த நம்பர் உள்ள வியாபாரி தம் கணக்கில் கழித்துக்கொள்வார். என் போன்ற சம்சாரிக்கு அந்தப் பாக்கியம் ஏது? பிறகு கடைக்காரர், பெட்டியும் விசிறியுமின்றித் திகம்பர சந்நியாசியைப் போலிருந்த வஸ்துவை, முட்டைத் தட்டு மாதிரியான ஒரு தட்டிலிருந்து பக்குவமாக எடுத்து நீட்டினார். இதற்கு ‘டிரே பீஸ்’ என்று நாமகரணமாம். விசிறியைத் தனியே வாங்கி, ஆட்டோவுக்கும் அழுதுவிட்டு, வீட்டில் சாவகாசமாகக் கூட்டிப் பார்த்ததில், எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கேட்டதைவிட நாற்பது ரூபாய் மிச்சம். அதையும் வருகிற வழியிலேயே கரும்புச்சாற்றுக்குக் கொடுத்திருந்தேன். கரும்புச்சாற்றுக்கு மொத்த விலை கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.