இருக்கையிலக்கணம்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு நூல் உண்டு, கார்புரேட்டருக்கு நூல் உண்டு, செயின் ஸ்பிராக்கெட்டின் பல்லை எண்ணக்கூட நூல் உண்டு. வண்டியும் மனிதனும் அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடமாகிய சீட்டுக்கு மட்டும் இலக்கணம் செய்வாரில்லை. பழைய வண்டி வாங்கியவர் முதலில் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அடுத்து சைலன்சருக்கு குரோம் ஏற்றுகிறார். சீட்டின் நினைப்பு அவருக்குச் செங்கல்பட்டு தாண்டும்போதுதான் வருகிறது. அக்குறை தீர்க்கவே இந்நூல். கற்றற்கு உரியார் யார் எனின், இருபது ஆண்டு கடந்த வண்டியும் நாற்பது ஆண்டு கடந்த இடுப்பும் உடையார். இரண்டில் ஒன்று மட்டும் உடையவரும் படித்து வைத்துக்கொள்ளலாம். மற்றது தானே வந்து சேரும்.

சீட்டு இருவகைப்படும்: தொங்குவது, கிடப்பது.

தொங்குவது என்பது பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே இல்லாத காலத்துச் சீட்டு. முன்னால் ஒரு கீல், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங், மேலே முக்கோணமாய் ஒரு தோல். குழியில் சக்கரம் விழும்போது வண்டி முழுதும் அடி வாங்கும். ஓட்டுபவர் மட்டும் அந்தரத்தில் ஆடுவார். பின்சக்கரத்துக்கு ஷாக் வந்தபின் இந்தச் சீட்டுக்கு வேலை போய்விட்டது. ஆனால் அழகு என்ற ஒன்று இருக்கிறதே! 2000-களின் கடைசியில் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் வந்தபோது பழைய ஸ்பிரிங் சீட்டும் கூடவே வந்தது, கீழே ஷாக் அப்சார்பர் இருக்கவே. ஷாக்கில் எண்ணெய் இருக்கிறது, ஆட்டத்தை அடக்கும். சீட்டு ஸ்பிரிங்குக்கு அடக்குவார் யாருமில்லை. ஆகவே வேகத்தடை தாண்டி வண்டி அடங்கிய பிறகும் வண்டிக்காரர் தொடர்ந்து தலையாட்டிக்கொண்டே போவார். பார்ப்பவர்கள் அவர் பாட்டுக் கேட்கிறார் என்று நினைப்பார்கள்.

கிடப்பது என்பது டேங்கின் வால் தொடங்கி டெயில் லைட் வரை நீண்ட பலகைச் சீட்டு. 1950-களில் உலகெங்கும் பரவியது. புல்லட், மைசூர் ஜாவா, ராஜ்தூத், 1985-இல் வந்து 1996-இல் நின்ற ஆர்.எக்ஸ். 100, எல்லாம் இவ்வினம். இதில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்குச் சட்டம் ஒரு விடை சொல்லும், ஊர்த் திருவிழா வேறு விடை சொல்லும். இந்நூல் இனிப் பேசுவதெல்லாம் இவ்வினத்தைப் பற்றியே. டி.வி.எஸ். 50-ஐ என்ன செய்வது எனின், விட்டுவிடுக. அதன் சீட்டு இருக்கை அன்று, மூட்டைக்கு முட்டு.

சீட்டுக்கு வரும் நோய் மூன்று: மேல்நோய், நடுநோய், அடிநோய்.

மேல்நோய் ரெக்சினுக்கு வருவது. துணியின்மேல் பி.வி.சி. பூசியதே இன்று நாம் ரெக்சின் என்பது. பி.வி.சி. இயல்பில் முரடு, அதை வளைய வைக்க ஒரு நெகிழ்த்தி எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெயிலில் நின்று நின்று அந்த எண்ணெய் கசிந்து போக, ரெக்சின் தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பி வெடிக்கிறது. வெடிப்பு எப்போதும் தையல் ஓரத்திலேயே தொடங்கும், ஊசித்துளைகள் ஏற்கெனவே வரிசை கட்டி வைத்திருப்பதால். இதன் கிளைநோய் பூனைக்கீறல். நகம் தீட்டத் தென்னைமரமும் கோணிச்சாக்கும் இருக்க, பூனை ஏன் புது சீட்டையே நாடுகிறது என்பது ஆராய்ச்சிக்குரியது. கைமருந்தாக வழங்குவன: இன்சுலேஷன் டேப், பஞ்சர் ஒட்டு, மழைக்காலத்தில் ஜவுளிக்கடைக் கேரி பேக். மூன்றும் தீர்ப்பதில்லை, ஒத்திப்போடுகின்றன.

அடிநோய் இரும்புத் தகட்டுக்கு வருவது. துரு ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருக்கவேண்டிய ரப்பர் புஷ்கள் காணாமற்போவது. நான்கில் இரண்டு இருந்தால் அந்த வண்டி பாக்கியம் செய்தது. புஷ் இல்லாத சீட்டு எஞ்சினின் அதிர்வை அப்படியே முதுகுத்தண்டுக்கு அஞ்சல் செய்யும். வண்டிக்காரர் ஃபோமைக் குறை சொல்வார். சில ரூபாய் ரப்பரில் தீரும் நோய்க்குச் சிலர் சீட்டையே மாற்றியிருக்கிறார்கள்.

நடுநோய்தான் நூலின் உயிர்நிலை. அதுவும் மூன்று: பொடிதல், அமுங்கல், ஊறல்.

பொடிதல் ரப்பர்ப் பால் நுரைக்கு உரியது. 1929-இல் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து அச்சில் வேகவைத்து மெத்தை கண்டார்கள். நம் வீடுகளில் எந்தக் கம்பெனி மெத்தையும் டன்லப் மெத்தை ஆனது அந்தப் புகழால். அந்த நுரை காற்றுப்பட்டு முதிர்ந்தால் ரஸ்க் போல் நொறுங்கும். அமுங்கல் பாலியூரித்தேனுக்கு உரியது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் வழிகாட்டிய இந்த வேதியியலிலிருந்துதான் இன்றைய ஃபோம் எல்லாம். இது நொறுங்குவது குறைவு. அடி வாங்கிய இடத்தில் சுவர் சுவராக உடைந்து பள்ளமாகும். ஊறல் யாவற்றுக்கும் பொது.

இந்நோய்கள் ஒருசேர நிற்பதைக் காண விரும்புவோர் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு குஷன் கடையில் போய் நிற்கலாம். கடைக்கார பாய் சீட்டைக் குப்புறப் போட்டு, தகட்டின் ஓரத்துப் பற்களை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நிமிர்த்துவார். மேலிருக்கும் கறுப்பு ரெக்சினை உரித்தால் அடியில் ஒரு நீல ரெக்சின். அதற்கும் அடியில் மெரூன். முந்தைய உரிமையாளர் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவர் கவரைக் கழற்றாமலேயே தம்முடையதைப் போர்த்திவிட்டுப் போயிருப்பார். நடுவே பாதி எழுத்து அழிந்த பிளாஸ்டிக் பை. பிறகு ஃபோம், ஓரம் மஞ்சள், நடு பழுப்பு, ஓட்டுபவர் அமரும் இடத்தில் இரண்டு பள்ளம். பாய் பள்ளத்தில் முட்டியை வைத்து அழுத்த, துருநிறத் தண்ணீர் விரலிடுக்கில் வரும். “முந்தாநாள் மழை சார், இது போன மாசத்துதும் இருக்கு” என்பார். மழையில் நனையாத நாளிலும் பேண்ட் ஏன் ஈரமானது என்ற பழைய குடும்பச் சந்தேகம் அங்கே தீரும்.

இனி உடையார் வகை. பழைய சீட்டைக் கொண்டுவருபவர் பழமையர், அமர்வர் என இருதிறத்தார். பழமையருக்குத் தையல் கோட்டின் எண்ணிக்கை முக்கியம். ஓரத்து பீடிங்கின் நிறம், பின்புறத்து வெள்ளை எழுத்து, நடுவே குறுக்காக ஓடும் பெல்ட், எல்லாம் கம்பெனியில் இறங்கியபடியே வேண்டும். அந்த பெல்ட் தொடையை அறுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், அறுத்தால்தான் அசல். அமர்வருக்கு வேண்டுவது திண்டிவனம் வரை முனகாமல் போவது. ஒரே உடலில் இருவரும் குடியிருப்பதும் உண்டு: ஞாயிறு காலை வண்டிக் கூட்டத்தில் பழமையர், திரும்பும் வழியில் அமர்வர். இவர்களுக்கு இரண்டு சீட்டு வைத்துக்கொள்வதே வழி. இரண்டு நட்டில் கழலும் சீட்டுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமர்வருக்கு மருந்து கூறுமுன் ஒரு மயக்கம் களையப்பட வேண்டும். கடையில் நிற்கும் எவரும் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே வாங்குகிறார். விரல் உள்ளே போனால் ‘நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு’. போகாவிட்டால் ‘கட்டை மாதிரி இருக்கு’. மெத்தென்ற ஃபோம் கடையில் பத்து நிமிடம் இன்பம் தரும். நாற்பது கிலோமீட்டருக்குள் அது முழுதும் அமுங்கி, வண்டிக்காரர் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பார். மென்மை வேறு, சுகம் வேறு என்று அறிக. விரலுக்குத் தெரியும் சுகம் இடுப்புக்கு உதவாது, விரலால் யாரும் உட்காராமையின்.

இதற்குக் காரணம் உடற்கூறு. உட்காரும்போது எடையின் பெரும்பங்கைத் தாங்குவன இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். 1930-இல் லாண்டிஸ் என்பார் நகத்தடி நுண்குழாய்களில் ஊசி செலுத்தி அளந்து, இரத்தம் உள்ளே வரும் பக்கத்து அழுத்தம் சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம் என்றார். வெளியிலிருந்து அதைவிட மிகுந்து அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் சுருங்கும் என்பது மருத்துவமனைப் படுக்கை செய்வோர் நெடுங்காலம் கைக்கொண்ட கணக்கு. சீட்டின் வேலை எடையைக் குறைப்பதன்று, அது யாராலும் ஆகாது. இரண்டு முனையில் குவியும் எடையைத் தொடைவரை பரப்புவது. பரப்புவதற்கு அகலம் வேண்டும், தாங்கும் திறன் வேண்டும். மெத்தென்பது மூன்றாவதுதான்.

முனைகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு, பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ. அளக்கும் முறை: உள்ளே நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து எழுக. இரண்டு குழி பதிந்திருக்கும். அட்டையைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தால், டேங்கை நோக்கிக் குறுகும் இடத்தில் குழிகள் விளிம்பில் போய் விழுவது தெரியும். பல பேருடைய வலிக்கு இதுவே மூலம், ஃபோம் நிரபராதி. அவர்களுக்கு அந்த இடத்தில் இருபுறமும் ஒட்டு வைத்துச் சீட்டை அகலப்படுத்த வேண்டும். பக்கத்தில் நின்று பார்ப்பவர் வண்டி வடிவம் கெட்டது என்பார். அவர் அதில் உட்காரப் போவதில்லை.

டென்சிட்டி என்ற கலைச்சொல் கடைதோறும் வழங்குகிறது. நாற்பது டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்பதே பொருள். கெட்டித்தன்மை அதனின் வேறு. எடை மிக்க ஃபோம் நெடுநாள் உழைக்கும், அவ்வளவே. எனினும் கடைக்காரரும் வாங்குபவரும் இச்சொல்லைக் கெட்டி என்ற பொருளிலேயே ஆள்வதாலும், இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாக மகிழ்வதாலும், இலக்கணகாரர் இடையே புகுதல் முறையன்று.

மருத்துவம் வருமாறு. கம்பெனி அச்சில் வார்த்த பழைய ஃபோம் நொறுங்காமல் இருந்தால் அதைத் தூக்கி எறிய விடாதீர். ‘புதுசா போட்டுறலாம் சார்’ என்பார்கள். தட்டை ஷீட்டிலிருந்து வெட்டி அடுக்கிய ஃபோம் அந்த வடிவத்துக்கு ஈடாகாது. நிழலில் நன்றாக உலர்த்தி, பள்ளம் விழுந்த பகுதியை மட்டும் சரிவான விளிம்போடு வெட்டி எடுக்கவேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய வரப்பு பிறகு தொடையில் தெரியும். துண்டு ஃபோம்களை இறுக்கிச் செய்த ரீபாண்டட் அடியில், நாற்பது டென்சிட்டி நடுவில், அரை அங்குல மெத்து மேலே. பசையை இருபக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். பலர் தோற்பது இந்தக் காத்திருப்பில். பிறகு முரட்டு எமரி போட்ட கிரைண்டரால் உருவம் தேய்க்கையில் தூள் பனிபோல் பறக்கும். மூக்கில் துணி கட்டுக. டேங்கை நோக்கிச் சரிவு இருந்தால் இப்போதே சமன் செய்ய வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டிக்காரர் டேங்கோடு உறவாடுவார். மேலே பாலித்தீன், அதன்மேல் ரெக்சின், குழிகள் விழும் இடத்தில் தையல் வராதபடி. ரெக்சினைக் கொஞ்ச நேரம் வெயிலில் காயவிட்டு இழுத்தால் சுருக்கமில்லாமல் உட்காரும்.

புதுமருந்துகள் சில. மெமரி ஃபோம், 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் செய்தது, சூட்டில் இளகும், மெல்லவே நிமிரும். கறுப்பு ரெக்சின், மே மாதம், குண்டு குழி: ஒரு குழியிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஜெல் வெயிலை உள்ளே சேமித்து வைத்துத் தக்க சமயத்தில் திருப்பித் தரும். காற்று குஷன் நல்லது, ஆனால் வாங்கியவர் எல்லாரும் அதைக் கால்பந்து போல் ஊதிவிடுகிறார்கள். உடல் தகட்டைத் தொடாமல் மிதக்கும் அளவே காற்று.

புறனடை. சீட்டில் தோன்றிச் சீட்டல்லாத நோய்களும் உள. எண்ணெய் ஒழுகிய ஷாக், பெட்ரோல் பங்கில் அளவுக்கு மிஞ்சி அடித்த டயர்க் காற்று, பின்பாக்கெட்டில் பழைய ரசீதுகளோடு பருத்த மணிபர்ஸ். கடைசியானதை எடுத்து முன்பாக்கெட்டில் வைத்ததும் ஒருபக்க இடுப்புவலி நீங்கியவர் உண்டு.

இன்னொரு புறனடை பின்னால் அமர்பவர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123 அவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பு மூன்றையும் வேண்டுகிறது. மெத்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. சேலை கட்டி ஒருக்களித்து அமர்பவரின் எடை சீட்டின் இடது விளிம்பில் இறங்குகிறது. ஆகையால் பழைய சீட்டு எதை உரித்தாலும் பின்பாதியில் இடப்பக்கம் சரிந்திருக்கும், வலப்பக்கம் கம்பெனிப் புதுசாக இருக்கும். அட்டைப்பெட்டி அளவை அவருக்குப் பொருந்தாது. மேற்சொன்ன அடுக்கும் பொருந்தாது. இடது விளிம்பில் ஒரு அங்குல ரீபாண்டட் பட்டையைத் தகட்டோடு சேர்த்து வைத்து ஓரத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும். பாய்க்கு இது தெரியும். “அம்மா உக்கார்ற பக்கம் தனியா பட்டை வெக்கணும் சார், கொஞ்சம் கூட ஆகும்” என்பார். டேங்க் பெயிண்டுக்கும் குரோமுக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்த வண்டிக்காரர், இந்த இடத்தில்தான் பேரம் பேசத் தொடங்குகிறார்.