ஏணியைச் சாய்த்தது யார்?

ஜாலான் புசார்,
சிங்கப்பூர்.
ஞாயிறு, இரவு பத்தரை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கக் கூடாதாம். தொடங்கினால் ஒரு வெள்ளி அபராதம். (இங்கே டாலருக்கு வெள்ளி என்றுதான் பேர்.) இந்த வாரத்து வீட்டுப்பாடமே அதுதான். ஊருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் உடம்பு விசாரிப்பு, பணம், மழை வெயில் மூன்றும் தலைகாட்டக் கூடாது. பதினேழு வருஷமாக நான் உங்களுக்கு எழுதியதில் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை என்பது பேனாவைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"வீட்டுப்பாடமா? இந்த வயசிலா?" என்று நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது இங்கிருந்தே தெரிகிறது. எட்டாம் வகுப்பில் "எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா" கட்டுரைக்கு இருபதுக்கு நாலு போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "தேர் ஓடியது, மேளம் முழங்கியது, பந்தல் விழுந்தது என்று எழுதியிருக்கியே, மன்னார்குடியில ஒரு மனுசன்கூட இல்லையாடா? தேர் தானா ஓடிச்சா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தீர்கள். அந்த அடி இங்கே வந்துதான் வேலை செய்கிறது.

நடந்தது இதுதான். சைட்டில் நான் சேப்டி சூப்பர்வைசர். காலையில் எல்லாரையும் நிற்க வைத்து ஹெல்மெட், பெல்ட் என்று உபதேசம் செய்வது ஒரு வேலை. விபத்து நடக்க இருந்து நடக்காமல் போனால் அறிக்கை எழுதுவது இன்னொரு வேலை. அதற்கு "நியர் மிஸ்" என்று பெயர். போன பிப்ரவரியில் அப்படி ஒன்று எழுதினேன்: ஏணி சாய்ந்தது. வாளி விழுந்தது. சிமென்ட் கொட்டியது. எவருக்கும் காயம் இல்லை. எங்கள் மேனேஜர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். படித்துவிட்டு, "என்னப்பா, பேய்ப்படம் மாதிரி எல்லாம் தானாவே நடக்குது? எங்க அத்தை ஞாயித்துக்கிழமை எழுத்து வகுப்பு நடத்துறாங்க, போய் உட்காரு லா" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். மறுநாள் முகவரி வந்துவிட்டது.

முகவரி ஜாலான் புசாரிலிருந்து பிரியும் ஒரு சந்து. மலாயில் ஜாலான் என்றால் ரோடு, புசார் என்றால் பெரிசு. பேர் வைத்தவர் எங்கள் டீச்சரிடம் படித்திருந்தால் "எதைவிடப் பெரிசு?" என்று கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். பழைய கடைவீடு. கீழே குழாய், கழிப்பறைக் கோப்பை விற்கும் சீனர் கடை. இந்த வட்டாரத்தில் விளக்குக்கடையும் குழாய்க்கடையும்தான் வரிசையாக. வெள்ளைவெளேரென்று முப்பது கோப்பைகள் வாயைத் திறந்து நிற்கிற நடைபாதையைத் தாண்டித்தான் மாடிப்படி. முதல் நாளே, இலக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது என்று பட்டது.

மாடியில் பதினோரு பேர். சாங்கி முதல் தேக்கா வரை எந்தச் சந்தில் எப்போது ஒட்டுப்போட்டார்கள் என்று சொல்லும் டாக்சி அண்ணன். எந்தக் கதையானாலும் கடைசிப் பத்தியில் மாமியாரைக் கொன்றுவிடும் தெம்பனிஸ் அக்கா. வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று கணினியில் தட்டிப் பார்க்கும் சென்னைத் தம்பி. பிறகு சுங்கை ரோடு தாத்தா. அவர்தான் எங்கள் கூட்டத்தின் உயிர்நாடி.

சுங்கை ரோடு என்பது பக்கத்துத் தெரு. 1930களிலிருந்து அங்கே பழைய சாமான் சந்தை ஒன்று இருந்தது. திருட்டுச் சந்தை என்பது செல்லப்பெயர். காலையில் தொலைத்ததை மாலையில் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பார்களாம். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். தாத்தா அங்கே தரையில் துணி விரித்துக் கடை போட்டவர். கடை போனது, சரக்கு போகவில்லை. வாரா வாரம் அதிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். அதைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேனா நிற்காமல் எழுத வேண்டும். யோசிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. இதுவரை வந்தவை: பூட்டில்லாத சாவி, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், ஒற்றைக் கால் சப்பாத்து, ஒரு பல்செட்டின் மேல்பாதி.

பல்செட்டுக்கு அக்கா வழக்கம்போல் மாமியாரைக் கொன்றார். நான் "பல் விழுந்தது" என்று ஆரம்பித்தேன். டீச்சர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யார் பல்? விழுந்துச்சா, விழ வெச்சாங்களா?" என்றார். சித்தப்பா, எனக்கு முதுகு சுருக்கென்றது. டீச்சருக்கு எழுபது வயது, கை ஓங்கத் தெரியாதவர். ஆனாலும் சுருக்கென்றது.

ஒரு மணி நேரம் இப்படி. பிறகு தின்பண்டம். யார் எந்த வாரம் என்ன கொண்டுவருவது என்பதற்குச் சுவரில் ஒரு அட்டவணை. எங்கள் கூட்டத்தில் இதுவரை வந்த பெரிய சண்டை யாப்புக்காக இல்லை, ஒரு வாரம் வராமல் போன வாழைப்பழ அப்பத்துக்காகத்தான். அதன்பிறகு வாசிப்பு. இதில் ஒரு கொடுமையான சட்டம்: தான் எழுதியதை வாசித்து முடித்தவர் அடுத்த கால்மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கிழிப்பார்கள், கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "அதாவது நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்றால் ஒரு வெள்ளி. அபராத டப்பாவில் பாதி டாக்சி அண்ணனுடையது. பயணி பேசினால் பதில் பேசியே முப்பது வருஷம் ஓட்டியவர், பாவம், என்ன செய்வார்?

சில ஞாயிறுகளில் மாடியே ஏறுவதில்லை. டீச்சர் எங்களைத் தெருவில் நடத்திப் போவார். இந்த வட்டாரத்துத் தெருப்பெயர்களை நீங்கள் பார்க்க வேண்டும். கிச்சனர், ஜெல்லிகோ, ஃபோஷ், அலன்பி, பெத்தான், வெர்டன், சோம்: முதல் உலகப்போரின் தளபதிகளும் போர்க்களங்களும் இங்கே வந்து கோழிச்சோற்றுக்கடைக்கு விலாசமாகிவிட்டார்கள். பெத்தான், வெர்டன் போரில் பிரான்சுக்கு வீரர். அடுத்த போரில் ஹிட்லருக்குப் பணிந்துபோய் 1945இல் துரோகி என்று தண்டிக்கப்பட்டார். ஆனால் இங்கே அவர் பெயர்ப்பலகை அசையவில்லை. கடற்படைத் தளபதி பீட்டி பெயரில் இருக்கும் ரோட்டில்தான் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. 1946இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கிய தமிழ்ப்பள்ளி 1982இல் மூடியபின் அந்தப் பெயர் இதற்கு வந்ததாம். சீறாப்புராணம் பாடியவரும் பீரங்கி முழக்கியவரும் ஒரே விலாசத்தில்.

ஜாலான் புசார் முடிகிற இடத்தில் லாவெண்டர் ஸ்ட்ரீட். பேரைக் கேட்டு மூக்கை நீட்டாதீர்கள். ஒரு காலத்தில் அங்கெல்லாம் காய்கறித் தோட்டம். அதற்கு மனிதக் கழிவுதான் எரு. நாற்றம் தாங்க முடியாத தெருவுக்கு 1858இல் நையாண்டியாக வைத்த பெயராம். "வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு தேடிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், பஸ் நம்பரைப் பார்த்து ஏறினா போதும்" என்றார் டீச்சர். நீங்கள் காளமேகத்தை வைத்து மூன்று நாள் நடத்திய பாடம்.

காப்பிக்கடையிலும் பாடம் உண்டு. இங்கே "கோப்பி ஓ கோசோங் பெங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத ஐஸ் காப்பி வரும். நாலு சொல், கோப்பியும் கோசோங்கும் மலாய், ஓவும் பெங்கும் ஹொக்கியன். "இதுல ஒரு சொல்லை எடுத்துடுங்க பார்ப்போம், வேற காப்பி வந்துடும். உங்க கவிதையில எத்தனை சொல்லை எடுத்தாலும் அதே காப்பிதான் வருது" என்று சென்னைத் தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி இரண்டு வாரம் வரவில்லை.

இப்போது உங்களுக்குக் கோபம் வரப்போகிற விஷயம். தமிழின் முதல் சிறுகதை எது என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "குளத்தங்கரை அரசமரம், வ.வே.சு. ஐயர், 1915" என்று சொல்லும்படி வளர்த்தீர்கள் அல்லவா? அதைப் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டு, 1887இல் இந்தச் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு என்பவர் "சிங்கை நேசன்" என்று பத்திரிகை நடத்தினார், அதில் 1888இல் "வினோத சம்பாஷணை" என்று எழுதியிருக்கிறார், அதைச் சிறுகதை என்று ஆய்வாளர் நா. கோவிந்தசாமி எடுத்துக்காட்டினார் என்றார். பேரிலேயே சம்பாஷணை இருக்கிறதே, அது உரையாடல்தானே என்று உங்களுக்காக மடக்கினேன். "அரசமரம் கதை சொல்லலாம், நாலு பேர் பேசிக்கிட்டா கதை ஆகாதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள், இந்தக் கட்சி தோற்பதில் எனக்கு இஷ்டமில்லை.

எழுதக் கற்றுக்கொடுப்பதும் இந்தப் பக்கத்தில் புதிதில்லையாம். 1950, 51இல் கோலாலம்பூரிலிருந்து வந்த "தமிழ் நேசன்" பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "கதை வகுப்பு" நடத்தியிருக்கிறார்கள். பத்திரிகையிலேயே பாடம், எழுதி அனுப்பினால் தரம் பிரிப்பார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் தபாலில் கதைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள், நினைத்துப் பாருங்கள்! இன்றைக்கும் குறைவில்லை. எழுத்தாளர் கழகம் கதைக்களம் நடத்துகிறது, கவிமாலை இருக்கிறது, அங் மோ கியோ நூலகத்தில் 1988லிருந்து வாசகர் வட்டம் கூடுகிறது. அவையெல்லாம் மாதக் கூட்டங்கள். மாதத்துக்கு ஒரு தரம் என்றால் மனிதன் எப்படியாவது ஒன்றை எழுதிவிடலாம். வாரா வாரம் என்றால் சாயம் வெளுத்துவிடும்.

நம்ம ஆட்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி ரோவல் ரோட்டில் 2011இல் "பாங்லார் கண்டா" பத்திரிகை ஆசிரியர் மோசின் என்பவர் திபாஷ்ரம் என்று ஒரு மாடியைத் திறந்தார். வங்காளதேசத்துத் தொழிலாளிகள் ஞாயிறுதோறும் அங்கே பாட்டும் கவிதையுமாகக் கூடியிருக்கிறார்கள். 2014இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று கவிதைப் போட்டி வைத்தபோது முதல் பரிசு ஜாகிர் ஹுசைன் கோகனுக்கு. மறு வருஷமும் அவருக்கே. அவரும் அப்போது கட்டுமான சைட்டில் சூப்பர்வைசர். இதைக் கேட்ட அன்றிலிருந்து எங்கள் சைட்டில் யாராவது பேசாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றால் நான் அதட்டுவதில்லை. வரி யோசிக்கிறானோ என்னவோ. ஹெல்மெட் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

சரி, ஏணிக்கு வருகிறேன். போன வாரம் மழை… ஐயோ, ஒரு வெள்ளி போச்சு. போன வாரம் டீச்சர் என் பழைய அறிக்கையையே கையில் கொடுத்து, "இதை ஆளைப் போட்டு எழுதுங்க" என்றார். சாய்ந்தது தன்வினை, சாய்த்தான் பிறவினை, அவ்வளவுதானே, எட்டாம் வகுப்பு இலக்கணம். உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பேனா நகரவில்லை.

ஏனென்றால் அந்த ஏணியை நகர்த்தி வைத்தது நான், சித்தப்பா. மதியம் சாப்பிட நிழல் வேண்டும் என்று சுவரோரம் இருந்ததை இரண்டடி தள்ளி, கட்டாமல் சாத்திவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். காலையில் இருநூறு பேருக்கு "ஏணியைக் கட்டு" என்று உபதேசம் செய்தவன். வாளி விழுந்த இடத்திலிருந்து நாலடி தூரத்தில் திருவாரூர்ப் பையன் ஒருத்தன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அதை எழுதி வாசித்தேன். சட்டப்படி வாயை மூடிக்கொண்டேன். கால்மணி நேரம் கிழிப்பார்கள் என்று பார்த்தால் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும், "கடைசியில யாரும் சாகலையே, அதுவே நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்தது பெரிய விருது. திங்கட்கிழமை அறிக்கையைத் திருத்தி மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்ன சொன்னார் என்பது பணம் சம்பந்தப்பட்டது, ஆகவே இங்கே எழுத அனுமதியில்லை.

பேனா பழகிவிட்டது, அதனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2014 பொங்கலுக்கு வந்தபோது உங்கள் முழங்காலுக்கென்று வாங்கிய கோடாலித் தைலம் பன்னிரண்டு குப்பியும் "பெட்டியில் உடைந்துவிட்டது" என்று சொன்னேன் அல்லவா? நீங்களும் "போகுது விடு, கண்ணாடிதானே" என்றீர்கள். தமிழாசிரியர் எப்படி ஏமாந்தீர்கள் என்று இன்றுவரை ஆச்சரியம். உடையவில்லை சித்தப்பா. திருச்சியில் இறங்கியதும் மாமனார் வந்து நின்றார். அவர் கூட அவர் தம்பி, தம்பி சம்பந்தி. கொடுத்தது நான்.

இதைச் சிவப்பு மையால் திருத்திப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுங்கள். ஞாயிறு நாலு மணிக்கு நான் வாசிக்க வேண்டும். உங்களுக்கு அது ஒன்றரை மணி, சாப்பிட்டுக் கண் அசருவதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். ற, ர மட்டும் பார்த்தால் போதாது.

சித்திக்கு என் வணக்கம்.

தங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: திருவாரூர்ப் பையன் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறான். அவன் கையில் தைலம் பன்னிரண்டு குப்பி கொடுத்திருக்கிறேன். எண்ணி வாங்கவும். குறைந்தால், குறைந்தது என்று எழுதாதீர்கள். யார் எடுத்தது என்று அவனையே கேளுங்கள்.