ஆல்டோவுக்கு 15 அங்குல ஆசை

சக்கரம் மாற்ற வேளச்சேரி மெயின் ரோட்டு டயர் கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது டயரை அல்ல, சுவரில் விளக்குப் போட்டு மாட்டியிருக்கும் அலாய் வீலை. ஆல்டோ கே10 வைத்திருப்பவருக்கு அதிலும் 15 அங்குலம்தான் கண்ணில் படும். கம்பெனி கொடுத்த 13 அங்குல இரும்பு டிஸ்க்கையே திரும்பப் போடுங்கள் என்பது என் கட்சி. கஞ்சத்தனம் என்பார்கள், இல்லை, கணக்கு. கம்பெனி டயர் 145/80 ஆர்13. அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 116. "கரெக்டா உட்காரும் சார்" என்று கடைக்காரர் எடுத்து வைக்கும் 195/45 ஆர்15இல் பக்கச்சுவர் 88தான். வெளிவிட்டத்தில் ஆறு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆகவே ஸ்பீடோமீட்டர் பெரிதாக ஏமாறாது. ஏமாறுவது முதுகெலும்பு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் 28 மில்லிமீட்டரைக் காசு கொடுத்துக் கழற்றிவிட்டு வருகிறோம்.

அதில் என்ன போயிற்று என்பவர்கள் சேலையூர் பக்கத்து உள்தெருக்களில் ஒரு சுற்று வரலாம். வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. நம் தெருக்காரர்கள் அந்த 10 சென்டிமீட்டரை மட்டும் நெட்டுரு போட்டுக்கொண்டு அகலத்தைச் சாய்ஸில் விட்டுவிட்டார்கள். மழை விட்ட மறுநாள் முடிச்சூர் ரோட்டில் எது குட்டை, எது குழி என்பது ரிம்முக்குத்தான் முதலில் தெரியும். இரும்பு டிஸ்க் வளைந்தால் சுத்தியலால் தட்டிப் பெண்டு எடுத்துத் தர ஆள் இருக்கிறார். வார்ப்பு அலாயோ விரிசல் விடும். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று சொல்பவரை அதே காரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், வேலை இருக்கிறது என்பார்.

அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்குமே என்பது அடுத்த வாதம். காய்ந்த ரோட்டில், வளைவில் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். தேங்கிய தண்ணீரில் கதை வேறு. அதே எடை அகலமாகப் பரவும்போது தண்ணீரைப் பிதுக்கித் தள்ளும் அழுத்தம் குறைகிறது. குறைந்த வேகத்திலேயே டயர் மிதக்கத் தொடங்கும். அலாய் எடை குறைவு என்பதும் அளவு மாறாதவரைதான். இரண்டு அங்குலம் கூட்டி, அகல டயரும் ஏற்றினால் அந்த லாபம் கரைந்துபோகும், கனமும் அச்சிலிருந்து தள்ளிப் போகும். அத்தனையையும் ஒவ்வொரு சிக்னலிலும் சுழற்றிக் கிளப்ப வேண்டியது 998 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். பெருங்களத்தூரில் காலை எட்டரை மணிக்கு முதல் கியரிலேயே ஊர்கிற காருக்கு வளைவுப் பிடிமானம் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை.

அழகாக இருக்கிறதே என்றால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. அழகுதான். ஆசை விடாதவர்கள் 13 அங்குலத்திலேயே அலாய் கேட்கலாம். வாங்குமுன் போல்ட் வட்டத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: நான்கு நட்டுச் சக்கரங்களில் 100 மில்லிமீட்டரும் உண்டு, 114.3உம் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, டயர் எங்கும் உரசுகிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். பழைய நட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். சில அலாய்க்கு நட்டு வேறு. டிக்கியில் தூங்கும் இரும்பு ஸ்டெப்னி பழையதைத்தான் கேட்கும்.