ஓட்டுப் போடாதீர்! மறக்காமல் போடுவீர்!

டெக்சாஸில் ராணுவ ஆட்சி நடந்திருக்கிறது என்று சொன்னால், பிளேனோவிலும் கேட்டியிலும் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் நம்ப மாட்டார்கள். ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருக்கும் ஊருக்கு ராணுவம் எதற்கு என்பார்கள். ஆனால் நடந்தது. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்ற பிறகு, 1867 முதல் 1870 வரை. தொடக்கத்தில் லூயிசியானாவும் டெக்சாஸும் சேர்ந்து ‘ஐந்தாவது ராணுவ மாவட்டம்’. முதல் தளபதி ஜெனரல் பிலிப் ஷெரிடன். நரகமும் டெக்சாஸும் தனக்குச் சொந்தமென்றால், டெக்சாஸை வாடகைக்கு விட்டுவிட்டு நரகத்தில் குடியிருப்பேன் என்று சொன்ன மகானுபாவர்.

அவர் 1867 ஜூலையில் கவர்னர் ஜேம்ஸ் த்ராக்மார்ட்டனை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார் தெரியுமா? முந்தைய ஆண்டுத் தேர்தலில் அதே த்ராக்மார்ட்டனிடம் மண்ணைக் கவ்விய எலிஷா பீஸை. மக்கள் தேர்ந்தெடுத்தவரைத் தூக்கி எறிந்தார்களே, ஐயோ ஜனநாயகமே என்று எதிர்க்கட்சி மாரில் அடித்துக்கொண்டது. எதிர்க்கட்சி என்றால் அன்றைய ஜனநாயகக் கட்சியும் அதன் பழமைவாதத் தோழர்களும்; அவர்களில் பலர் நேற்றுவரை அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்கள். அவர்கள் சொன்ன ‘மக்கள்’ கணக்கில் கறுப்பின மக்கள் வரவில்லை. 1860 கணக்கெடுப்பில் டெக்சாஸில் இருந்த 1,82,000 சொச்சம் அடிமைகளை யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

இப்போது வாஷிங்டன் கேட்கச் சொன்னது. புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு சபை வேண்டுமா என்று தேர்தல். கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு. ஆனால் இந்தத் தேர்தலுக்கான சட்டத்தை எழுதியவர்கள் அவசரத்தில் ஒரு ஓட்டையை விட்டிருந்தார்கள். பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டால்தான் தேர்தல் செல்லும். எப்படிப் போட்டாலும் சரி, போட்டால் கணக்கு.

எதிர்க்கட்சிக்கு மூளையில் விளக்கு எரிந்தது. எல்லோரும் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். தேர்தலன்று வீட்டில் படுத்துத் தூங்குங்கள். வேலை முடிந்தது! அரசியலில் இவ்வளவு சுகமான போராட்டம் எங்கும் இருந்ததில்லை. தூங்கியே ஒரு ராணுவத்தைத் தோற்கடிக்கலாம்.

யோசனை வீணுமல்ல. அலபாமாவில் 1868 பிப்ரவரித் தொடக்கத்தில் புதிய அரசியல் சட்டத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் எழுபதாயிரம் பேர் ஆதரவு, ஆயிரம் பேர் எதிர்ப்பு. மிச்சப் பேர் தூக்கம். பாதி தேறாமல் தேர்தல் படுத்துவிட்டது.

டெக்சாஸ்காரர்களும் இதையே செய்திருக்கலாம். ஆனால் கட்சி என்று இருந்தால் ஆலோசனைக் கூட்டம் என்று ஒன்று இருக்குமே! அதே 1868 ஜனவரியில் ஹூஸ்டனில் பெரிய தலைகள் கூடின. நாம் விலகிக்கொண்டால் சபை முழுக்க எதிரிகளே உட்கார்ந்து எழுதித் தள்ளிவிடுவார்களே என்று ஒருவருக்குத் தோன்ற, மற்றவர்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. இந்த பயம் நமக்கும் புரியும்தான். 1920-ல் நம்மூர்க் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தபோது, நீதிக்கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சியில் அமர்ந்ததல்லவா? ஹூஸ்டன் கூட்டம் முடிவெடுத்தது: போய் ஓட்டுப் போடுங்கள். சபை வேண்டாம் என்று போடுங்கள். அதே கையோடு, அந்த வேண்டாத சபைக்கு நம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தும் அனுப்புங்கள்.

தேர்தலுக்குச் சில வாரமே இருந்தது. பழைய உத்தரவை நம்பியவர்கள் படுத்துக் கிடந்தார்கள். புதிய உத்தரவைக் கேட்டவர்கள், வாக்குச்சாவடி இருந்த கவுண்டித் தலைநகருக்கு வேலைவெட்டியை விட்டுப் போய் நின்றார்கள். கடையடைப்புக்கு அழைத்துவிட்டு, பாதிக் கடையைத் திறந்து வைத்து, வியாபாரம் வேண்டாம் என்று ரசீதும் கொடுத்த கதை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பதிவானவர்கள் வெள்ளையர் 59,633, கறுப்பின மக்கள் 49,497. செல்லத் தேவை 54,566 ஓட்டு. சபை வேண்டும் என்றவர்கள் 44,689. பத்தாயிரம் குறைகிறது, தேர்தல் செத்தது. அந்த நேரத்தில் ஓடி வந்து கைகொடுத்தவர்கள் யார்? வேண்டாம் என்று போட்ட 11,440 பேர்! மொத்தம் 56,129. சபைக்கு உயிர் கொடுத்தது அதன் எதிரிகள்தான். இதைவிடச் சிறந்த சேவையை எந்த எதிர்க்கட்சியும் எந்த ஆளுங்கட்சிக்கும் செய்ததில்லை.

தூங்கியிருந்தால் மட்டும் ஜெயித்திருப்பார்களா என்பது வேறு. அலபாமாவின் தூக்கத்தைப் பார்த்த வாஷிங்டன், மார்ச்சில் சட்டத்தையே மாற்றியது: போட்ட ஓட்டில் பெரும்பான்மை இருந்தால் போதும். அலபாமாவின் ‘தோற்ற’ அரசியல் சட்டம் ஜூனில் செல்லுபடியாகிவிட்டது.

ஆஸ்டினில் கூடிய அந்தச் சபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்சாஸைத் துண்டு போடலாமா என்று மாதக்கணக்கில் சண்டை. நடுவில் பணம் தீர்ந்தது. 1869 பிப்ரவரியில் கூச்சலோடு கலைந்தது. சிதறிக் கிடந்த காகிதங்களை ராணுவம் பொறுக்கிச் சேர்த்துத்தான் அரசியல் சட்டமாக அச்சிட்டது.

அடுத்து கவர்னர் தேர்தல். புறக்கணிப்பில் சூடு பட்டவர்கள் இம்முறை பேரத்தில் இறங்கினார்கள். தங்கள் ஆளை நிறுத்தினால் வாஷிங்டன் ஏற்காது. ஆகவே குடியரசுக் கட்சிக்குள் மோதிக்கொண்ட இருவரில் ஒருவருக்கு முட்டுக் கொடுப்பது. அந்த இருவரின் வரலாறுதான் வேடிக்கை. இருவரும் போரில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் ஹாமில்டன், 1862-ல் இவர்களுக்குப் பயந்து மெக்சிகோ வழியாக ஓடிப்போய், லிங்கனிடம் ஜெனரல் பட்டம் வாங்கியவர். எட்மண்ட் டேவிஸ், 1863-ல் இவர்கள் மெக்சிகோ மண்ணுக்குள்ளேயே புகுந்து பிடித்த ஆள். கூட இருந்தவரைத் தூக்கில் போட்டார்கள், மெக்சிகோ அதிகாரிகள் போட்ட சத்தத்தில் டேவிஸ் கழுத்து தப்பியது. ஒருவர் இவர்களிடமிருந்து ஓடியவர், மற்றவர் இவர்களின் தூக்குக்கயிற்றைப் பார்த்தவர். ஹாமில்டன், போரில் தெற்குப் பக்கம் நின்று ஓட்டுரிமை இழந்தவர்களுக்கும் அதைத் திருப்பித் தருவேன் என்றார். உடனே அவர் தியாகியானார். நம்மூர்க் கூட்டணி அறிவிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

மானம் ரோஷம் உள்ள சில ஜனநாயகக் கட்சிப் பத்திரிகை ஆசிரியர்கள் இதைச் சகிக்காமல் பிரென்ஹாமில் கூடி (இன்று ப்ளூ பெல் ஐஸ்கிரீம் வருகிற அதே ஊர்தான்) ஹாமில்டன் ஸ்டுவர்ட் என்ற ஆசிரியரை நிறுத்தினார்கள். அவர் வாங்கியது 380 ஓட்டு. தேர்தலை நடத்த வேண்டிய ஜெனரல் ரெனால்ட்ஸோ, டேவிஸுக்கு ஆதரவாக ஜனாதிபதி கிராண்டுக்கே கடிதம் எழுதிவிட்டு, ஓட்டு எண்ண உட்கார்ந்தார். மிலம், நவரோ கவுண்டிகளின் ஓட்டு கணக்கில் சேரவில்லை. ஆளுக்கு 39 ஆயிரம் சொச்சம். சுமார் 800 ஓட்டில் டேவிஸ் ஜெயித்தார். ஸ்டுவர்ட்டின் 380-ஐ ஹாமில்டனுக்குச் சேர்த்தாலும் பத்தாது. ஆனால் பேரம் பிடிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட கட்சிக்காரர்களைச் சேர்த்தால்? தூங்கக் கூடாத தேர்தலில் நன்றாகத் தூங்கியிருந்தார்கள்.

ராணுவம் போன பிறகு, 1873 தேர்தலில் ரிச்சர்ட் கோக் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டேவிஸைத் தோற்கடித்தார். அதன்பின் அவர்களுக்குப் புறக்கணிப்பும் தேவைப்படவில்லை, பேரமும் தேவைப்படவில்லை, வாக்காளரையே புறக்கணித்தார்கள். 1902-ல் ஓட்டுப் போடவே வரி கட்ட வேண்டும் என்றார்கள். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் கறுப்பின மக்களைச் சேர்க்காமல் பூட்டினார்கள். அந்தப் பூட்டை உச்ச நீதிமன்றம் உடைத்தது 1944-ல். வழக்குப் போட்டவர் ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித்.