நரகத்துக்கு வெளிவாசல் உண்டா?

கேள்வி: கடைசியில் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று நம்புகிறவர் பழைய சபையிலேயே நீடிக்க முடியுமா?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: ஆளையும் நேரத்தையும் பொறுத்தது!

எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று எழுதிய இறையியலாளர் ஆரிஜனின் பெயர் 553இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் சாபப் பட்டியலில் ஏறியது. கிட்டத்தட்ட அதையே எழுதிய நீசாவின் கிரகோரி, இன்றும் புனிதர்.

'நித்தியம்' என்றால் முடிவில்லாத காலம் என்று ஒப்புக்கொள்ளாத பேராசிரியர் எஃப்.டி. மாரிஸை லண்டன் கிங்ஸ் கல்லூரி 1853இல் வீட்டுக்கு அனுப்பியது. பம்பாயில் பிறந்த ஃபிரெடரிக் ஃபாரரோ, 1877இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பிரசங்க மேடையிலேயே முடிவில்லாத நரகம் என்ற போதனையை ஒரு பிடி பிடித்தார். 1895இல் கேன்டர்பரி பேராலயத்தின் தலைமைக் குருவானார்!

சொர்க்கத்தில் இடம் போதுமா என்று சபையார் கவலைப்பட்டால், வாசகர் அவர்களை அதே மலையிலுள்ள காவலூருக்கு அழைத்துப் போகலாம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வானம் கொஞ்சம் பெரிசுதான்.